எண்ணாமல் எழுதிய இருபது

மூன்றாவது கட்டிலில் மும்தாஜ் அம்மா உட்கார்ந்து கல்யாணச் சாப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. இரண்டு கைகளிலும் விரல் நுனி வரைக்கும் மருதாணி. முதல் நாள் சாயங்காலம் வைத்தது, நன்றாகப் பற்றிச் சிவந்திருந்தது.

“மட்டன் பிரியாணி... தால்ச்சா... கத்திரிக்காய் பச்சடி... அப்புறம் பிர்னி...”

பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். டிஸ்சார்ஜ் எழுதி டாக்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அழைத்துப் போக வந்த கார் கீழே நின்றது. மறுநாள் அவர் மகளுக்கு நிக்காஹ். அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பிரஷர் பார்க்க நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

கையில் பட்டையைச் சுற்றும்போதுதான் அவர் பேச்சு என் காதில் சரியாக விழுந்தது. பிரியாணிக்கும் தால்ச்சாவுக்கும் நடுவில் ஒரு மூச்சு. தால்ச்சாவுக்கும் பச்சடிக்கும் நடுவில் இன்னொரு மூச்சு.

ஒன்பது நாளாக அவரைப் பார்க்கிறேன். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருப்பவரின் மனைவி. கல்யாண வேலையில் ஈரத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டு வந்தவர். வார்டில் எல்லாருடைய சம்பந்தி, கொழுந்தியாள் வரைக்கும் விசாரித்து வைத்திருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தவே தெரியாத அந்த அம்மாவுக்கு நாலு பண்டத்தைச் சொல்ல நாலு மூச்சு எதற்கு?

எனக்குச் சுருக்கென்றது. அன்று காலை அவருடைய சார்ட்டில், மூச்சு எத்தனை என்ற கட்டத்தில், ‘இருபது’ என்று எழுதியது நான்தான். எழுதினேனே தவிர எண்ணவில்லை.

எல்லாருக்கும் இருபது

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு வேளாவேளைக்கு உடம்புச் சூடு பார்ப்போம், நாடி பார்ப்போம், பிரஷர் பார்ப்போம், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவோம். பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை இருந்தால் பயமில்லை.

மற்றதற்கெல்லாம் மிஷின் இருக்கிறது. மூச்சுக்கு எங்கள் வார்டில் மிஷின் கிடையாது. நின்று, நெஞ்சைப் பார்த்து, ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். முப்பது கட்டிலுக்கு முப்பது நிமிஷம். நாங்கள் இருந்ததோ இரண்டு பேர். ஒருத்தி ஊசி போடப் போனால் இன்னொருத்திதான் முப்பதுக்கும்.

அதனால் என்ன செய்வோம்? பேனாவை எடுத்து மேலிருந்து கீழ் வரைக்கும் இருபது, இருபது, இருபது என்று போட்டுக்கொண்டே போவோம். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பழைய சார்ட்டுகளைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். நல்ல பழக்கம் எதையாவது இத்தனை சீக்கிரம் கற்றிருக்கிறேனா என்று கேட்டால் இல்லை.

இதைப் படிக்கிற நர்ஸ் தங்கச்சிகளுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். உங்கள் வார்டு சார்ட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

“நாடி என்னங்க சொல்லுது?”

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘நர்ஸுகள் கையைப் பிடித்து நாடி பார்த்த பிறகும் ஏன் கையை விடாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறீர்கள்?’ ஐயா, அந்த நேரத்தில்தான் மூச்சை எண்ணுகிறோம். எண்ணுகிற நல்ல நாளில்.

மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொன்னால் காரியம் கெட்டது. யாராக இருந்தாலும் உடனே மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்க்கிற பாவனையிலேயே கையைப் பிடித்தபடி எண்ண வேண்டும் என்று நர்ஸிங் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். நோயாளியிடம் நாங்கள் ஆடுகிற நாடகங்களில் நியாயமான நாடகம் இது ஒன்றுதான்.

நெய்க்காரப்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் அட்மிட் ஆகியிருந்தார். நான் கையைப் பிடித்து நிற்பதைப் பார்த்து, சித்த வைத்தியர் மாதிரி ஏதோ கண்டுபிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

“ஏனுங்க சிஸ்டர், நாடி என்னங்க சொல்லுது?”

“நாடி ஒன்னும் சொல்லலீங்க. மூச்சு எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

“அப்படிங்களா. முன்னாடியே சொல்லக்கூடாதுங்களா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர், மாட்டுக்கு லாடம் அடிக்கிற பட்டறைத் துருத்தி மாதிரி மூச்சு விட ஆரம்பித்தார். எனக்கு உதவி செய்கிறாராம். நாற்பது வரைக்கும் போய்த் தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார். அவருக்கு விசிறிவிட்டதுதான் அன்றைக்கு என் வேலை.

கன்னிவாடியிலிருந்து வந்த ஒரு பூக்காரம்மா இன்னொரு ரகம். பிரஷர் பார்த்து முடித்து மிஷினைச் சுருட்டினால் மற்றக் கையை நீட்டுவார். “இதுலயும் செத்த நேரம் கட்டி விடும்மா. பூப்பறிச்சு பறிச்சு இந்தக் கைதான் கடுக்குது.” நானும் கட்டிவிடுவேன். இறுக்கிப் பிடித்து விட்டதும், “அப்பாடா, இப்பத் தேவலை” என்பார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வந்ததில்லை.

பாருங்கள், எங்கேயோ போய்விட்டேன். மும்தாஜ் அம்மா அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

மருதாணி மேல் போட்ட பழி

முதல் நாள் சாயங்காலம் அவர் வீட்டில் பெண்ணுக்கு மருதாணி வைக்கிற சடங்கு. அம்மா இல்லாமல் எப்படி என்று, பெண் ஷபானா தன் கை காய்வதற்கு முன்னாலேயே நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டாள். மருதாணிக் கூம்போடு வந்த அவள் அத்தை, மும்தாஜ் அம்மாவின் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக் கோலம் போட ஆரம்பித்தார்.

எங்கள் இன்சார்ஜ் ஜெசிந்தா சிஸ்டர் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். “இது வார்டா, கல்யாண மண்டபமா? விசிட்டர் டைம் முடிஞ்சிருச்சு, கிளம்புங்க.” சொல்லிவிட்டு அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் ஒரு சுட்டுவிரலில் மருதாணி கிடைத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் டூட்டிக்கு வந்தேன். மும்தாஜ் அம்மாவின் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினால் எண்பத்தெட்டு காட்டியது. அப்புறம் தொண்ணூற்றொன்று. அப்புறம் வெறும் கோடு. கொரோனாவுக்கு அப்புறம் அந்த எண் தெரியாத வீடு ஏது? துணைக்கு இருந்த அத்தை பதறிப்போனார்.

“சிஸ்டர், தொண்ணூத்தி அஞ்சுக்கு மேல இருக்கணும்ல?”

“மருதாணிம்மா. விரல்ல சாயம் இருந்தா மிஷின் சரியாக் காட்டாது” என்றேன்.

அது பொய்யில்லை. சாயம் அழுத்தமாக இருந்தால் அப்படி ஆவதுண்டு. நாடி நூற்றெட்டு இருந்தது. மகள் கல்யாணம், படபடப்பு இருக்கத்தானே செய்யும் என்று அதற்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். “உடம்பு எப்படி இருக்கும்மா?” என்றால் மும்தாஜ் அம்மா தலையை மட்டும் ஆட்டிச் சிரித்தார். பேசாமல் சிரித்தாரே, அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். எலும்பு டாக்டர், வேகமாகப் பேசுகிறவர். சார்ட்டைப் பார்த்தார். “பல்ஸ் கொஞ்சம் கூட இருக்கே?” என்றார். பக்கத்துக் கட்டத்தில் விரலை ஓட்டினார். “மூச்சு இருபது. சரி, வீட்டுக்குப் போகட்டும்.”

அவருக்கு வந்த சந்தேகத்தை அடக்கியது அந்த இருபது. அது நான் இட்டுக்கட்டியது.

முப்பத்துநாலு

இப்போது பகல் பன்னிரண்டரைக்கு வருகிறேன். பிரஷர் பட்டையை அவிழ்த்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கண்ணைக் கடிகாரத்தில் வைத்து, ஓரக்கண்ணால் அவர் நெஞ்சைப் பார்த்தேன். நைட்டிக்கு மேல் போட்டிருந்த துப்பட்டா சட்சட்டென்று ஏறி இறங்கியது.

முப்பத்துநாலு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். முப்பத்துநாலுதான்.

இடது கால் கட்டைவிரலில் மருதாணி இல்லை. கிளிப்பை அங்கே மாட்டினேன். எண்பத்தேழு, ஆடாமல் அசையாமல் நின்றது. இதைக் காலையிலேயே செய்திருக்கலாம். கால் அங்கேயேதான் இருந்தது.

“மும்தாஜம்மா, மூச்சு முட்டுதா?”

“வாயு சிஸ்டர்... விடியக்காலையில இருந்து... நெஞ்சப் பிடிக்குது. அம்புட்டுதான்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா... விட மாட்டீங்களே.”

வாசலில் சக்கர நாற்காலி வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சிஸ்டர், நாளைக்கு... எம் புள்ளைக்கு நிக்காஹ்” என்றார்.

நாற்காலியைத் திருப்பி அனுப்பினேன். ஆக்ஸிஜனை மாட்டிவிட்டு ஜெசிந்தா சிஸ்டரிடம் ஓடினேன். அவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டு டாக்டருக்குப் போன் போட்டார். போனை வைத்துவிட்டுச் சார்ட்டைத் திறந்து என் முன்னால் தள்ளினார்.

“இப்ப மணி போட்டு முப்பத்துநாலுன்னு எழுது விஜயா. காலையில எழுதினது அப்படியே இருக்கட்டும். திடீர்னு கூடிருச்சுன்னு சொல்லு. யாருக்கும் தெரியப்போறதில்ல.”

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று வீரம் பேசுகிற ஆளாக இருந்திருந்தால் காலையிலேயே எண்ணியிருப்பேனே.

டாக்டர் மூன்று மூன்று படியாகத் தாவி வந்தார். கால் கட்டைப் பார்த்தார், கட்டுக்கு மேலே தொடைச் சதையை அழுத்திப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அப்புறம் சார்ட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“காலையில இருபது இருந்திருக்கு. இப்ப முப்பத்துநாலு. இந்த ரெண்டு மணி நேரத்துல ஆனதா, இல்ல காலையிலயே இருந்ததா? அதைச் சொல்லுங்க, எனக்கு அது முக்கியம்.”

ஜெசிந்தா சிஸ்டர் என் முகத்தையே பார்த்தார்.

“காலையில நான் எண்ணல டாக்டர். சும்மா எழுதினேன். அவங்க விடியக்காலையில இருந்தே நெஞ்சப் பிடிக்குதுன்னு சொல்றாங்க. ஆக்ஸிஜன் அப்பவே கம்மியாத்தான் காட்டுச்சு. மருதாணின்னு விட்டுட்டேன்.”

அவர் சார்ட்டை முன்னால் புரட்டினார். நேற்று இருபது. அதற்கு முந்தின நாள் இருபது. பக்கத்துக் கட்டில் சார்ட்டை எடுத்தார், இருபது. அதற்கடுத்த கட்டில், இருபது.

“ஏன் சிஸ்டர், நம்ம பேஷண்டுங்க எல்லாரும் கூடிப் பேசி வச்சுக்கிட்டா மூச்சு விடுறாங்க?” என்றார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவர் கையும் காலும் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டன. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கும் என்று சந்தேகப்பட்டார். ஸ்கேனுக்கு அவரே கூடப் போனார்.

படிக்கட்டில்

சந்தேகம் சரிதான். காலை அசைக்காமல் நாள் கணக்கில் படுத்திருந்ததில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு கிளம்பி நுரையீரலில் போய் அடைத்திருந்தது. ஐசியூவில் சேர்த்து, கட்டி வளராமல் தடுக்கிற ஊசியை ஆரம்பித்தார்கள்.

என் டூட்டி இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ஐசியூ வாசல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நாலு மணி வாக்கில் ஷபானா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாள் மணப்பெண். தலைகூட வாரவில்லை.

“சிஸ்டர், அம்மா வந்துருவாங்கல்ல?”

வந்துவிடுவார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணாமல் ஒன்றை எழுதிவிட்டுத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். “தெரியலம்மா. பார்த்துக்கிட்டு இருக்காங்க” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால் என் கையைத் தொடுவாளா என்றுதான் நினைத்தேன்.

ஐந்தரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். “மூச்சு இருபத்தெட்டுக்கு இறங்கிருக்கு. ஆக்ஸிஜன் தொண்ணூத்தி நாலு. கால் விரல்லதான் பார்த்தேன்” என்றார். கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார்.

அப்பாடா. அந்த ஒரு சொல்லுக்கு மேல் அன்றைய மனநிலையை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஷபானா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அத்தா, தோல் மண்டிக்காரர், சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தபோது டாக்டர் கூப்பிட்டார். “படி இறங்கி, கார்ல ஏறி, கல்யாண வீட்டுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். நீங்க எண்ணாதது தப்பு. அத்தனை இருபதையும் பார்த்துட்டுக் கேள்வி கேக்காமக் கையெழுத்துப் போட்டது என் தப்பு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க.”

பிர்னி

நிக்காஹைத் தள்ளி வைக்க மும்தாஜ் அம்மா சம்மதிக்கவில்லை. ஆக்ஸிஜன் முகமூடி போட்டபடியே கையை ஆட்டி, நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்திலிருந்து நேராக ஐசியூவுக்கு வந்தார்கள். ஒருவருக்கு மேல் விடக்கூடாது என்பது சட்டம். ஜெசிந்தா சிஸ்டர் இருவரையும் உள்ளே விட்டுவிட்டு, சட்டம் வந்தால் தடுப்பதற்காக வாசலில் நின்றுகொண்டார்.

எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். டாக்டர் வார்டுக்கு ஒரு புது ஏற்பாடு செய்தார். யார் என்ன எண் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் இருபது என்று எழுதினால் மட்டும் இன்னொரு நர்ஸும் எண்ணிப் பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூச்சு எண்ணுகிற நேரத்துக்கென்று காலையில் ஒரு ஆளையும் கூடப் போட்டார்கள். அதற்கப்புறம் சார்ட்டில் பதினேழு வந்தது, பத்தொன்பது வந்தது, பதினாலுகூட வந்தது. முப்பது பேரும் முப்பது விதமாக மூச்சு விடுகிறார்கள் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து மும்தாஜ் அம்மா செக்கப்புக்கு வந்தார். மாவுக்கட்டு போய், ஊன்றுகோலோடு நடந்து வந்தார். கையில் ஒரு தூக்குவாளி நிறையப் பிர்னி, பாலில் அரிசியை அரைத்துவிட்டுக் காய்ச்சுகிற இனிப்பு. கல்யாணத்தில் சாப்பிடாத பிர்னியாம், அதனால் தானே மறுபடி செய்தாராம். பேச்சு பழையபடி திரும்பியிருந்தது. மாப்பிள்ளை வீட்டு வாசற்படி உயரம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மனசில் அரித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். “அம்மா, அன்னைக்குக் காலையில உங்க மூச்சை நான் எண்ணவே இல்ல. பொய்யா எழுதிட்டேன்.”

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“நான் மட்டும் என்னவாம்? எம் புள்ள கல்யாணத்துக்குப் போகணும்னு நெஞ்சுவலிய மறைச்சவதானே. மறைச்சவ நானு, எண்ணாதவ நீயி. கடைசியில நான் பேசுனதக் காது கொடுத்துக் கேட்டது யாரு? எங்க வீட்டு மனுசன் இருபத்தெட்டு வருசமாக் கேட்டதில்ல.” கையை என் முன்னால் நீட்டினார். “இந்தா, இப்ப எண்ணிக்கோ.”

மருதாணி முழுக்க அழிந்து, நகத்து நுனியில் மட்டும் பிறை மாதிரி மிச்சம் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். பேசாமல் இருங்கள் என்று இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது. ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். நம்ப முடியாமல் இன்னொரு நிமிஷமும் எண்ணினேன். பேனாவை எடுத்துக் கட்டத்தில் எழுதினேன்.

எட்டிப் பார்த்த ஜெசிந்தா சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “விஜயா, மறுபடியுமா?”

“நீங்களே எண்ணிப் பாருங்க சிஸ்டர்.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு மும்தாஜ் அம்மாவின் மற்றக் கையைப் பிடித்தார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர், நடுவில் மும்தாஜ் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு. கடிகார முள் ஒரு சுற்று சுற்றி வந்தது.

ஜெசிந்தா சிஸ்டர் கையை விட்டார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவரே எடுத்து, நான் எழுதியதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“இருபதுதான்” என்றார்.